ஏழு நிமிடப் பந்தயத்துக்கு ஏன் ஆண்டு முழுக்கப் பயிற்சி?

கல்லூரி அணியில் துடுப்பு வலிக்கும் ஒரு மாணவர் கேட்டிருப்பது இது: ஒலிம்பிக் தரத்துத் துடுப்பு வீரர் ஒருவர் சர்வதேசப் போட்டிப் பருவத்துக்கு எப்படித் தயாராகிறார்? பந்தயம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே, அதற்கு ஏன் நாளுக்கு நான்கைந்து மணி நேரம்? எர்கோமீட்டரில் (தரையில் வைத்துத் துடுப்பு வலிக்கும் பயிற்சி இயந்திரம்) 2,000 மீட்டரை 6 நிமிடம் 50 விநாடியில் முடிக்கும் நான் அவர்களுடைய அட்டவணையை அப்படியே பின்பற்றலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அந்த அட்டவணையில் வெளியே தெரிவது கிலோமீட்டர் கணக்கு மட்டுமே. அதை எந்த வேகத்தில் செய்கிறார்கள் என்பது தெரியாமல் தூரத்தை மட்டும் நகலெடுத்தால் ஆறு வாரத்தில் முதுகு போய்விடும்.

பந்தயத்திலிருந்து தொடங்குவோம். தூரம் 2,000 மீட்டர், ஆறு தடங்கள். எட்டுப் பேர் படகு ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஒற்றையர் படகுக்கு ஆறரை முதல் ஏழு நிமிடம் ஆகும். ஆண்கள் ஒற்றையரில் நியூசிலாந்தின் ராபி மேன்சன் 2017-ல் போலந்தின் போஸ்னானில் 6:30.74-ல் முடித்தார். அந்த நேரத்துக்குள் ஏறக்குறைய 230 துடுப்பு வீச்சுகள். ஒரு வீச்சு என்றால் துடுப்பை நீரில் இறக்கி, இழுத்து, எடுத்து, மறுபடி இறக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 45 வீச்சு வரை போகும். பிறகு 34 முதல் 38-க்குள் நிலைக்கும். கடைசி 250 மீட்டரில் மறுபடி ஏறும்.

பார்ப்பதற்கு இது வலிமைப் போட்டி போலத் தெரியும். முதல் சில விநாடிகள் உண்மையில் அப்படித்தான். அதன்பின் உடலுக்குத் தேவையான ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு, சில கணக்குகளில் அதற்கும் மேல், மூச்சில் வாங்கும் ஆக்சிஜனிலிருந்தே வருகிறது. ஆக, மிகப் பெரிய நுரையீரலும் இதயமும் உள்ள ஒருவர், தன் வலிமையை ஏழு நிமிடத்துக்குப் பங்கிட்டுச் செலவழிக்கும் ஆட்டம் இது. அந்த இதயத்தை ஒரு பருவத்தில் வளர்க்க முடியாது. எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும்.

அதை வளர்க்கும் வழிதான் வெளியாட்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். மெதுவாக வலிக்க வேண்டும். நார்வேயின் சர்வதேசத் துடுப்பு வீரர்களின் பயிற்சி 1970 முதல் 2001 வரை எப்படி மாறியது என்று ஃபிஸ்கர்ஸ்ட்ராண்ட், ஸைலர் ஆகிய இருவர் 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகளில் மொத்தப் பயிற்சி நேரம் சுமார் 20 சதவீதம் கூடி, ஆண்டுக்கு 1,100 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் கூடியது முழுவதும் மெதுவான பயிற்சி: மாதத்துக்கு 30 மணி நேரத்திலிருந்து 50 ஆனது. பந்தய வேகத்திலும் அதற்கு மேலும் செய்யும் பயிற்சி 23 மணி நேரத்திலிருந்து 7-க்கு இறங்கியது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு நிமிடத்துக்கு 5.8 லிட்டரிலிருந்து 6.5-க்கு உயர்ந்தது. வேகப் பயிற்சியைக் குறைத்தவர்கள் வேகமானார்கள்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? தசை கடினமாக உழைக்கும்போது இரத்தத்தில் கூடும் பொருள் லாக்டேட்; அது லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டாத அளவு. பயிற்சியாளர் விசைப்படகில் பக்கத்தில் வந்து நிறுத்தச் சொல்லி, வீரரின் காது மடலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அந்த இடத்திலேயே அளப்பார். எண் கூடியிருந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்வார். வீச்சு நிமிடத்துக்கு 18 அல்லது 20, பேசிக்கொண்டே வலிக்கலாம். இந்த நிலையில்தான் தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. முக்கியமாக, மறுநாள் காலை அதே வேலையை மறுபடி செய்ய உடல் மிச்சமிருக்கிறது.

இதை நான் சொந்தத் தவறில் கற்றேன். அடையாற்றில் விடியற்காலை ஐந்தரைக்குப் படகை இறக்குவோம். பக்கத்தில் இன்னொரு படகு வந்துவிட்டால் போதும், அன்றைய பயிற்சி பந்தயமாக மாறிவிடும். தினமும் மூச்சு வாங்கக் கரையேறியதில் உழைத்துவிட்டோம் என்ற திருப்தி இருந்தது. இரண்டு ஆண்டுகள் என் நேரம் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. மெதுவான பயிற்சிக்கு அது வேகம் அதிகம். வேகப் பயிற்சிக்கு வேகம் போதாது. நடுவில் மாட்டிக்கொள்ளும் இந்த நிலையில்தான் பெரும்பாலான கல்லூரி, கிளப் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள்.

உயர்நிலை வீரரின் குளிர்கால நாள் ஏறக்குறைய இப்படிப் போகும். காலை ஏழு மணிக்கு நீரில் 18 முதல் 20 கிலோமீட்டர். கரைக்கு வந்ததும் இரண்டாவது காலை உணவு. முதல் உணவு எழுந்தவுடனேயே முடிந்திருக்கும். பத்தரை மணிக்கு எடைப் பயிற்சி, அல்லது எர்கோமீட்டரில் ஒரு மணி நேரம். மதிய உணவு, கண்டிப்பாக ஒரு தூக்கம். பிற்பகலில் மறுபடி 12 முதல் 16 கிலோமீட்டர். வாரத்துக்கு 160 முதல் 200 கிலோமீட்டர் சாதாரணம். இதற்கு நாளுக்கு 5,000 முதல் 6,000 கலோரி தேவைப்படும். நம் வீட்டில் மூன்று பேர் சாப்பிடும் சோறு. பசி இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டியிருப்பது ஒரு தனி வேலை என்று பல வீரர்கள் சொல்வார்கள். சாப்பாடு குறைந்த வாரத்தில்தான் சளியும் விலா வலியும் வரும்.

எர்கோமீட்டரைப் பற்றி ஒரு சொல். நீங்கள் 6:50 என்று சொன்னீர்கள். அது சராசரியாக 325 வாட். 2018-ல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்ளி-ஸ்மித் 5:35.8 எடுத்தார், அது கிட்டத்தட்ட 590 வாட். இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மயங்கவும் வேண்டாம். எர்கோமீட்டர் தரையில் நிற்கிறது. அதற்குச் சமநிலை தேவையில்லை, காற்று தெரியாது. தேர்வாளர்கள் அதை ஒரு வாசலாக வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்தபின் பேசுவது படகுதான்.

படகு என்ன பேசுகிறது என்பதுதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ. அதில் உட்கார்ந்திருப்பவர் 95 கிலோ. இருக்கை சக்கரத்தில் ஓடுகிறது. அவர் முன்னும் பின்னும் சறுக்கும்போது படகும் அதற்கு எதிராக ஆடுகிறது. துடுப்பை நீரிலிருந்து எடுத்துவிட்டு அவர் படகின் பின்முனையை நோக்கிச் சறுக்கும்போது படகு உடலுக்கு அடியில் முன்னே பாய்கிறது. கால் பலகையை மிதித்து அவர் சறுக்கலை நிறுத்தும் கணத்தில் படகு தடுமாறி மெதுவாகிறது. வேகம் இப்படி ஏறி இறங்குவதில் ஆற்றல் வீணாகிறது, ஏனென்றால் நீரில் வேகம் ஒரு சதவீதம் கூட வேண்டுமானால் திறன் ஏறக்குறைய மூன்று சதவீதம் கூட வேண்டும். ஆகவே இழுப்பதை விட, இழுத்து முடித்து மறுபடி இறக்கும் வரை உள்ள அந்த ஏறக்குறைய ஒரு விநாடியில் எவ்வளவு அமைதியாகச் சறுக்குகிறார் என்பதில் பந்தயங்கள் தீர்மானமாகின்றன. நிமிடத்துக்கு 18 வீச்சில் வலிக்கும்போது இதைப் பழக நேரம் கிடைக்கிறது. மெதுவான கிலோமீட்டர்களின் இரண்டாவது பயன் இது. ஓர் ஆண்டில் பல லட்சம் வீச்சுகள், ஒவ்வொன்றிலும் ஒரே திருத்தம்.

வலிமை மட்டும் போதாது என்பதற்கு ஜெர்மனியின் ஆலிவர் ஸைட்லரைப் பாருங்கள். 2 மீட்டருக்கு மேல் உயரம், முன்னாள் நீச்சல் வீரர். தாத்தா ஹான்ஸ்-யோஹான் ஃபெர்பர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்; தந்தைதான் பயிற்சியாளர். துடுப்புக்கு வந்து மூன்றே ஆண்டில், 2019-ல் ஸைட்லர் உலகச் சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தங்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவராகப் போனார். அங்கே பந்தயத் தடம் கடலை ஒட்டியது. அரையிறுதி நாளில் காற்றும் அலையும். இவ்வளவு பெரிய உடலை அந்த நீரில் நிலையாக வைத்துக்கொள்ள முடியவில்லை. நான்காவதாக வந்து இறுதிப் போட்டியை இழந்தார். 2022, 2023 இரண்டிலும் உலகச் சாம்பியன் ஆனார். 2024 பாரிஸில் 6:37.57-ல் ஒலிம்பிக் தங்கம். நல்ல பயிற்சியாளர்கள் காற்றடிக்கும் நாளில் வீரர்களைக் கரையில் உட்கார வைப்பதில்லை என்பதற்கு டோக்கியோ ஒரு காரணம். கண்ணாடி போன்ற ஏரியில் மட்டும் பழகியவருக்கு அலையில் துடுப்பு எங்கே இறங்கும் என்றே தெரியாது.

ஆண்டின் போக்கை இப்போது சுருக்கமாகச் சொல்லலாம். செப்டம்பரில் உலகச் சாம்பியன்ஷிப் முடியும். 2025-ல் அது ஷாங்காயில் நடந்தது. மூன்று நான்கு வார ஓய்வு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை தூரமும் எடைப் பயிற்சியும். நடுநடுவே 5, 6 கிலோமீட்டர் நேரச் சோதனை. வசந்தத்தில் தேர்வுப் போட்டிகள். மே, ஜூனில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பும் உலகக் கோப்பைப் பந்தயங்களும். இத்தாலியின் வரேஸே, சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் போன்ற இடங்கள். லூசெர்னின் ரோட்ஸே ஏரி இரு பக்கமும் குன்றுகளுக்கு நடுவே காற்றுப்படாமல் நீளமாகக் கிடக்கும். துடுப்பு வீரர்கள் அதைத் தெய்வங்களின் ஏரி என்பார்கள். உலகக் கோப்பையை எல்லோரும் ஜெயிப்பதற்காக ஓட்டுவதில்லை. பல அணிகள் களைத்த உடலோடு, பயிற்சியைக் குறைக்காமலேயே அங்கே வரும். ஜூனில் தோற்றவர் செப்டம்பரில் ஜெயிப்பது அதனால்தான்.

தேர்வுக் காலம் மனத்தளவில் பந்தயத்தை விடக் கடினம். நால்வர், எண்மர் படகுகளில் யாருக்கு இடம் என்பதை இருக்கை மாற்றிப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். இரண்டு படகுகள் 1,500 மீட்டர் மோதும். கரையோரம் நிறுத்தி, ஒரே ஒருவரை அந்தப் படகிலிருந்து இந்தப் படகுக்கு மாற்றி மறுபடி ஓட்டுவார்கள். வித்தியாசம் அந்த ஒருவருடையது. நாள் முழுக்க இது நடக்கும். அறை நண்பனோடு காலையில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு மதியம் அவன் இடத்தைப் பறிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் எண்கள் சொல்லாத பொருத்தமும் உண்டு. நியூசிலாந்தின் ஹேமிஷ் பாண்ட், எரிக் மர்ரே இருவரும் 2008 பெய்ஜிங்கில் நால்வர் படகில் போய் இறுதிப் போட்டிக்கே வராமல் திரும்பியவர்கள். 2009-ல் இருவர் படகுக்கு மாறினார்கள். 2016 ரியோ வரை தொடர்ச்சியாக 69 பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் முதல் சுற்றிலேயே 6:08.50 எடுத்து, பழைய உலகச் சாதனையை ஆறு விநாடிக்கு நெருக்கமாக முறித்தார்கள். உயரத்திலும் உடல்வாகிலும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை இவர்கள். நியூசிலாந்தின் கரப்பீரோ ஏரியில் ஆண்டுக்கணக்காக ஒரே படகில் கழித்த காலைகள்தான் அந்த ஒற்றுமை.

கோடையில் பல அணிகள் மலைக்குப் போகும். இத்தாலியர்களுக்கு 1,800 மீட்டர் உயரத்தில் லிவின்யோ. யூர்கன் குரோப்ளர் தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் பிரிட்டன் அணி ஆஸ்திரியாவின் சில்வ்ரெட்டா ஏரிக்குப் போய்வந்தது, அது 2,000 மீட்டருக்கும் மேலே. மெல்லிய காற்றில் மூன்று வாரம் இருந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் கூடும் என்பது கணக்கு. எல்லோருக்கும் ஒரே அளவில் பலிப்பதில்லை. சிலர் தூக்கம் கெட்டு மெலிந்து இறங்கி வருகிறார்கள். என் கருத்தில், மலை முகாமின் பாதிப் பயன் வேறு வேலையே இல்லாமல் மூன்று வாரம் ஒரே இடத்தில் அடைந்து கிடப்பதுதான்.

காயத்தையும் நோயையும் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை. பருவத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இவைதான். அடிமுதுகு வலி முதலிடம். அடுத்தது விலா எலும்பில் விழும் மயிரிழை விரிசல். பயிற்சிச் சுமையைத் திடீரென்று ஏற்றிய வாரங்களில் வரும், வந்தால் ஒரு மாதத்துக்கு மேல் போய்விடும். நோய்க்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேல் 2008 பெய்ஜிங்குக்கு உலகச் சாம்பியனாகப் போனார். போட்டி வாரத்தில் வயிற்றுத் தொற்று. இறுதிப் போட்டியில் வெண்கலம். கரையில் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2012-ல் தங்கம் வென்றார். 2016 ரியோவில் குரோஷியாவின் தாமிர் மார்ட்டினும் அவரும் ஒரே நேரத்தில், 6:41.34-ல், கோட்டைத் தொட்டார்கள்; புகைப்படம் பார்த்துத் தங்கத்தை டிரைஸ்டேலுக்குக் கொடுத்தார்கள்.

இன்னொருவர் நம் நாட்டவர். மகாராஷ்டிரத்தின் வறண்ட ஊரிலிருந்து வந்த தத்து போகனல், கிணறு வெட்டும் வேலை செய்தவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகே புனேயில் துடுப்பைத் தொட்டார். 2016 ரியோவில் ஒற்றையரில் 13-ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் இறுதிப் போட்டி அன்று காய்ச்சல். பாதியில் வலிக்க முடியாமல் கடைசியாக வந்தார். மறுநாள் நால்வர் படகில் ஏறித் தங்கம் வென்றார். இதைக் கேட்டு யாரும் காய்ச்சலோடு பந்தயத்துக்குப் போக வேண்டாம். ஓரிரவில் உடல் மீள்வதற்குப் பின்னால் பல ஆண்டு அடித்தளம் இருந்தது, கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. இப்போதெல்லாம் அணிகள் பந்தய வாரத்தில் கைகுலுக்குவதைத் தவிர்க்கின்றன, தண்ணீர்ப் புட்டியைப் பகிர்வதில்லை.

(ஓர் இடைச்செருகல்: 2010-ல் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டின் முதல் துடுப்புத் தங்கத்தை வாங்கித் தந்த பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தான்காரர். பாரிஸ் ஒலிம்பிக் போன பல்ராஜ் பன்வார் ஹரியாணா. ஆறும் கடலும் உள்ள தமிழ்நாட்டுக்காரர்கள் ஏன் இந்த வரிசையில் அதிகம் இல்லை என்று கேட்பவர்களுக்கு: ராணுவம் உயரமான பையன்களைத் தேடி எடுத்துத் துடுப்பைக் கொடுக்கிறது. ஆறு பிறகு வருகிறது.)

பந்தயத்துக்கு முந்திய பத்துப் பதினைந்து நாளில் தூரம் பாதியாகக் குறையும். வேகத் துண்டுகள் குறையாது. 500 மீட்டர், 250 மீட்டர், தொடக்க வீச்சுகள். உடல் புத்துணர்வு பெறும்போது வீரர்களுக்கு ஒரு விசித்திரமான பதற்றம் வரும்: சும்மா இருப்பதால் பலம் போய்விடுகிறதோ என்று. அப்போது கூடுதலாக ஒரு பயிற்சி செய்து கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. போட்டித் தடத்துக்கு வந்ததும் படகின் அளவுகளை மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்ப்பார்கள். எதிர்காற்று என்றால் துடுப்பின் வெளிநீளத்தை ஒரு சென்டிமீட்டர் குறைத்து இழுப்பை இலகுவாக்குவார்கள். சைக்கிளில் கியர் மாற்றுவது மாதிரிதான். பிறகு தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று ஒரு வாரம். எந்தச் சுற்றில் எவ்வளவு செலவழிப்பது என்பதும் திட்டத்தில் இருக்கும்.

இந்த முறை எல்லாம் இனி கொஞ்சம் மாறும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தடம் லாங் பீச்சில் 1,500 மீட்டர்தான். குறைந்த எடைப் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் 11-ஆம் இடம் பிடித்த பிரிவு அது. அதற்குப் பதில் கடற்கரைக் குறுவிரைவுப் பந்தயம் (மணலில் ஓடிப் படகேறிக் கடலில் வலிக்கும் குறும்பந்தயம்) வருகிறது. ஐந்து நிமிடப் பந்தயத்தில் வெடிப்பு வலிமைக்கு மதிப்பு கூடும்; எடைப் பயிற்சி நேரம் கூடலாம். ஆனால் யாரும் மெதுவான கிலோமீட்டரை விட்டுவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இனி உங்கள் விஷயம். வகுப்பு, தேர்வு, விடுதிச் சாப்பாடு எல்லாம் இருக்கும்போது வாரத்துக்கு ஆறு பயிற்சி போதும். அதில் நான்கு, 60 நிமிடம், 18 முதல் 20 வீச்சில். உங்கள் 2,000 மீட்டர் சராசரி 500 மீட்டருக்கு 1:42.5, மெதுவான பயிற்சியில் 2:05 முதல் 2:10 வரை வைத்துக்கொள்ளுங்கள். அவமானமாக இருக்கும். பக்கத்து எர்கோமீட்டரில் உள்ளவர் 1:55-ல் போவார், போகட்டும். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் காது மடல் ஊசி இல்லாதவர்களுக்கான அளவுகோல். மீதி இரண்டில் ஒன்று உண்மையிலேயே கடினமாக இருக்கட்டும், நான்கு முறை நான்கு நிமிடம் மாதிரி; இன்னொன்று எடைப் பயிற்சி. சென்னை மே மாத வெயிலில் என்றால் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், இதயத் துடிப்பு தானாகவே பத்துக் கூடியிருக்கும்.

முதல் வாரம் ஒரு மணி நேரப் பயிற்சியின் சராசரி இதயத் துடிப்பையும் 500 மீட்டர் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எட்டு வாரம் கழித்து, நாளின் அதே வேளையில், அதே வெப்பத்தில், அதே துடிப்பில் மறுபடி வலித்துப் பாருங்கள். 500 மீட்டர் நேரம் இரண்டு விநாடி குறைந்திருந்தால் அட்டவணையில் கை வைக்காதீர்கள். குறையவில்லை என்றால் எத்தனை நாள் 1:55-ஐத் துரத்தினீர்கள் என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.